இன்டர்ன்ஷிப் 25ஆம் தேதி தொடங்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செமஸ்டர் தேர்வு முடிந்த கையோடு சென்னைக் கல்லூரிகளின் பி.காம்., பி.பி.ஏ., எம்.பி.ஏ. மாணவர்கள் ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்குகிறார்கள். ‘ஃபைனான்ஸ் இன்டர்ன்ஷிப், 15 நாள்’ என்றோ ‘30 நாள்’ என்றோ அதில் இருக்கும். எந்தப் பதினைந்து நாள் என்று கல்லூரி யோசித்ததாகவே தெரியவில்லை. கணக்குப் பிரிவில் இருப்பவர்களுக்கோ அதுதான் முதல் கேள்வி. 10ஆம் தேதி வந்து 24ஆம் தேதி கிளம்புகிறவர் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் (வரிக் கணக்கு) போவதைப் பார்ப்பார். அதிலுள்ள தொகைகள் எங்கிருந்து வந்தன என்று பார்க்க மாட்டார். 21ஆம் தேதி வந்து 5ஆம் தேதி போகிறவருக்கு இரண்டுமே கிடையாது.

ஒரு மாதக் கணக்கு முடிகிற வரிசை இதுதான்: கடைசித் தேதியில் பேங்க் இருப்பும் சரக்கு இருப்பும். 7ஆம் தேதிக்குள் டி.டி.எஸ்., அதாவது பிறருக்குப் பணம் கொடுக்கும்போதே பிடித்த வருமான வரியைக் கட்ட வேண்டும். 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரம், அதாவது ஜி.எஸ்.டி.ஆர்.-1. 14ஆம் தேதி 2பி (நாம் வாங்கியவற்றின் ஜி.எஸ்.டி. பட்டியல்) வந்துவிடும். 15க்குள் பி.எஃப்., இ.எஸ்.ஐ. 20க்குள் 3பி, அதாவது ஜி.எஸ்.டி. கட்டும் மாத ரிட்டர்ன். ஆகவே 25ஆம் தேதி வரும் மாணவர் அடுத்த மாதம் 22 வரை இருந்தால், ஒரு மாதக் கணக்கின் தலையும் வாலும் கண்ணில் படும். நாலே வாரம்தான். கல்லூரிகள் தேதியை மட்டும் இப்படி மாற்றிக் கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

ஷேர் மார்க்கெட், வேல்யுவேஷன் என்று கனவோடு வருகிறவருக்கு முதல் வாரம் கையில் வருவது வவுச்சர் கட்டு. முகம் வாடும், பரவாயில்லை. ஒரு பர்ச்சேஸ் பில்லைச் சரியாகப் படிக்கத் தெரிந்தால்தான் மற்றதெல்லாம். பில், பர்ச்சேஸ் ஆர்டர், ஸ்டோர்ஸில் சரக்கு இறங்கியதற்கான ரசீது மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். ஆர்டர் 500 கிலோ, பில் 500 கிலோ, ஸ்டோர்ஸ் எடை 485 கிலோ என்றால் 15 கிலோவுக்கு டெபிட் நோட் (சப்ளையருக்குத் தர வேண்டியதில் அந்தத் தொகையைக் குறைக்கும் சீட்டு) போட வேண்டும். பில்லின் மேலே பேனாவால் திருத்தி எழுதக் கூடாது. அடுத்து ஜி.எஸ்.டி. எண். மொத்தம் 15 இலக்கம். முதல் இரண்டு மாநிலக் குறியீடு: தமிழ்நாடு 33, கர்நாடகம் 29, புதுச்சேரி 34. அடுத்த பத்தும் அந்த நிறுவனத்தின் பான் எண். பில் கொடுத்தவரின் எண் 33 என்று தொடங்கி, சரக்கும் இங்கேயே இறங்கியிருக்க, பில்லில் ஐ.ஜி.எஸ்.டி. (மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான வரி) போட்டிருந்தால் அங்கேயே நிறுத்திக் கேட்க வேண்டும். நம் எண் பில்லில் இருக்கிறதா என்பதை மாணவர்கள் பார்ப்பதே இல்லை. அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

இனி பேங்க் ரிகன்சிலியேஷன், அதாவது நம் புத்தகத்திலுள்ள பேங்க் இருப்பையும் பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் ஒத்துப்பார்ப்பது. மாணவர் ஒரே ஒரு வேலையை முழுதாகச் செய்ய நேரம் உண்டு என்றால் இதைத்தான் கொடுக்க வேண்டும். பாடப்புத்தகத்தில் இது பத்து மதிப்பெண் கணக்கு. வித்தியாசங்களைப் புத்தகமே பட்டியல் போட்டுக் கொடுத்துவிடும். ஆபீஸில் பட்டியல் கிடையாது, வித்தியாசம் மட்டும்தான் கிடைக்கும்.

மே 31 அன்று டேலியில் (கணக்கு எழுதும் சாஃப்ட்வேர்) பேங்க் இருப்பு 4,18,650 ரூபாய், பேங்க் ஸ்டேட்மென்ட்டில் 4,68,055 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 49,405. மாணவர் முதலில் செய்வது அந்த 49,405-ஐத் தேடுவது. கிடைக்காது, ஏனென்றால் அப்படி ஒரு தொகையே எங்கும் இல்லை. தேதி வாரியாக ஸ்டேட்மென்ட்டின் ஒவ்வொரு வரியையும் டேலியோடு டிக் அடித்துக்கொண்டே வந்து, டிக் விழாதவற்றை மட்டும் தனியே எழுத வேண்டும். இந்தக் கணக்கில் ஐந்து மிஞ்சும். சப்ளையருக்குக் கொடுத்து இன்னும் பேங்குக்கு வராத செக் 38,500. 31ஆம் தேதி மாலை போட்டு இன்னும் வரவாகாத செக் 12,000. கஸ்டமர் நேரடியாக நெஃப்டில் அனுப்பி, நாம் என்ட்ரி போடாமல் விட்டது 25,000. பேங்க் பிடித்துக்கொண்ட சார்ஜ் 250, அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 45, ஆக 295. ஐந்தாவது ஒரு பேமென்ட்: பேங்கில் 6,450 போயிருக்கிறது, டேலியில் 4,650 என்று ஏறியிருக்கிறது.

அந்த ஐந்தாவதுதான் கண்ணுக்கு எளிதில் படாது. அதன் வித்தியாசம் 1,800. ஒன்பதால் மீதியின்றி வகுபடும். இரண்டு இலக்கம் இடம் மாறி விழுந்தால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். பழைய கணக்குப்பிள்ளைகள் பேனாவை எடுக்குமுன்பே இந்த வகுத்தலைப் போட்டுப் பார்த்துவிடுவார்கள். அதேபோல, வித்தியாசத்தின் பாதித் தொகை எங்காவது இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்: வரவைப் பற்றாகப் போட்டால் வித்தியாசம் இரட்டிப்பாகும். 

ஐந்தையும் கண்டுபிடித்த பிறகு மாணவர்கள் செய்யும் அடுத்த தவறு, ஐந்தையும் ஒரே தாளில் கூட்டிக் கழித்து ‘டேலி ஆகிவிட்டது’ என்று எழுந்துவிடுவது. 25,000, 295, 1,800 மூன்றும் நம் புத்தகத்தின் குறை. அவற்றுக்கு என்ட்ரி போட வேண்டும். போட்டால் டேலி இருப்பு 4,41,555 ஆகும். 38,500, 12,000 இரண்டும் நேரத்தால் வந்த வித்தியாசம். அவைதான் ரிகன்சிலியேஷன் தாளில் நிற்க வேண்டும். 4,41,555-உடன் 38,500 கூட்டி 12,000 கழித்தால் 4,68,055. ஜூன் முதல் வாரத்தில் அந்த இரண்டு செக்கும் பேங்கில் தெரிகின்றனவா என்று மாணவரே பார்த்து முடிக்கட்டும். 12,000 திரும்பி வந்திருக்கலாம். 38,500 செக் மூன்று மாதம் தாண்டியும் வராவிட்டால் அது செல்லாது. தொகையைத் திரும்ப அந்த சப்ளையர் கணக்கிலேயே ஏற்ற வேண்டும். நாலு மாதமாக அதே செக் ‘வரவில்லை’ என்று தாளில் உட்கார்ந்திருந்தால் யாரும் அந்தத் தாளைப் படிக்கவில்லை என்று அர்த்தம்.

ஸ்டேட்மென்ட்டை எக்செல்லில் இறக்கும்போதே பாதித் தொல்லை தொடங்கிவிடும். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும். 16 இலக்க அக்கவுன்ட் நம்பரை ஒட்டினால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். பிறகு ஃபார்மட்டை மாற்றினாலும் திரும்பி வராது. ஒட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் ஆக்க வேண்டும். முன்னால் பூஜ்யம் உள்ள எண்களுக்கும் இதே மருந்து. தேதி இதைவிட மோசம். கம்ப்யூட்டரில் அமெரிக்க அமைப்பு இருந்தால் 03/05 மார்ச் 5 ஆகிவிடும். 12ஆம் தேதி வரை நாளும் மாதமும் இடம் மாறும். 13 முதல் தேதியாகவே எடுத்துக்கொள்ளாமல் எழுத்தாக இடது ஓரம் ஒட்டிக்கொள்ளும். ஒரே நெடுவரிசையில் சில இடது ஓரமும் சில வலது ஓரமும் நின்றால் மேற்கொண்டு ஒரு ஃபார்முலாவும் போடாதீர்கள். இன்னொரு பட்டியலிலிருந்து தேடி எடுத்துவரும் வி-லுக்கப் ஃபார்முலாவில் கடைசி இடத்தில் ‘ஃபால்ஸ்’ கொடுக்காமல் விட்டால், கிடைக்காததற்கும் பக்கத்திலிருக்கும் ஏதோ ஒரு தொகையைக் கொண்டுவந்து வைக்கும்; பிழை என்று சிவப்பு விளக்கு எரியாது. ஃபில்டர் போட்ட பட்டியலுக்கு ‘சம்’ போட்டால் மறைந்திருக்கும் வரிகளும் சேர்ந்துவிடும், ‘சப்டோட்டல்’தான் போட வேண்டும்.

அடுத்து 14ஆம் தேதி. 2பி என்பது நமக்குச் சரக்கு விற்றவர்கள் தங்கள் விற்பனை விவரத்தில் நம் பெயரில் காட்டியவற்றின் பட்டியல். அதில் வராத பில்லுக்கு இன்புட் கிரெடிட் எடுக்க முடியாது, அதாவது வாங்கும்போது கொடுத்த வரியை நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியாது. 1,50,000 ரூபாய்ச் சரக்குக்கு 18 சதவீதம் என்றால் 27,000. அந்தப் பில் 2பி-யில் இல்லையென்றால் இந்த மாதம் அந்த 27,000-ஐக் கையிலிருந்து கட்ட வேண்டும். மாணவருக்கு பர்ச்சேஸ் ரெஜிஸ்டரையும் 2பி-யையும் கொடுத்து ஒப்பிடச் சொன்னால், முதல் சுற்றில் பாதிக்கு மேல் ஒட்டாது. பெரும்பாலும் பில் நம்பர்தான் காரணம். சப்ளையர் ‘047/25-26’ என்று ஏற்றியிருப்பார், நம் ஆள் ‘47’ என்று அடித்திருப்பார். ஆகவே நம்பரை மட்டும் வைத்து ஒப்பிடாமல் ஜி.எஸ்.டி. எண்ணையும் வரித் தொகையையும் சேர்த்துத் தேட வேண்டும்.

அதற்குப் பிறகும் ஒட்டாதவற்றில்தான் படிப்பு இருக்கிறது. சப்ளையர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடும் சின்ன வியாபாரியாக இருக்கலாம். மாதா மாதம் 13க்குள் பில்லை மட்டும் ஏற்றும் வசதி அவருக்கு உண்டு, அதைப் பயன்படுத்தாவிட்டால் ஏப்ரல் பில் ஜூலை 14ஆம் தேதி வரும் 2பி-யில்தான் தலைகாட்டும். பில் போடும்போது நம் ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுக்காமல் விட்டிருந்தால் அவர் அதைச் சில்லறை விற்பனையாகக் காட்டியிருப்பார். அவர் திருத்தினால் ஒழிய நமக்கு வராது. பெங்களூருக்குப் போன அதிகாரியின் ஓட்டல் ரூம் பில்லில் மத்திய வரியும் கர்நாடக மாநில வரியும் இருக்கும். ஓட்டல் எங்கே இருக்கிறதோ அந்த மாநிலத்துக்குத்தான் வரி என்பதால், 33-இல் மட்டும் பதிவு செய்த சென்னைக் கம்பெனிக்கு அந்த கிரெடிட் கிடையாது. மறுபக்கம், 2பி-யில் இருந்தும் எடுக்கக் கூடாதவை உண்டு: வெளியிலிருந்து வரவழைத்த சாப்பாடு, டைரக்டர் ஓட்டும் கார். போர்ட்டலில் வந்துவிட்டதே என்று மாணவர் எல்லாவற்றுக்கும் டிக் போட்டுவிடுவார்.

2பி-யில் இருந்து நம் புத்தகத்தில் இல்லாத பில்லும் வரும். லாரி டிரைவர் கொடுத்த பில் ஸ்டோர்ஸ் மேஜை டிராயரில் கிடப்பதாகவே அநேகமாக இருக்கும். மாணவர் நடந்து போய் எடுத்து வரட்டும். ஸ்டோர்ஸ்காரரோடு பேசிப் பழகுவதும் வேலைதான். அங்கேயும் இல்லையென்றால், வாங்காத சரக்குக்கு யாரோ நம் எண்ணைப் போட்டிருக்கிறார்கள். அதை மேலே சொல்ல வேண்டும்.

டி.டி.எஸ்.-இல் ஒரே ஒரு கணக்கு சொல்கிறோம். ஆலோசகர் பில் 80,000, ஜி.எஸ்.டி. 14,400, மொத்தம் 94,400. 10 சதவீதம் எதன் மீது? பில்லில் ஜி.எஸ்.டி. தனியாகக் காட்டப்பட்டிருந்தால் 80,000 மீதுதான். 8,000 பிடித்து 86,400 கொடுக்க வேண்டும். மாணவர் 94,400 மீது பிடித்து 84,960 அனுப்பிவிட்டால், 1,440 குறைகிறது என்று ஆலோசகர் போன் செய்வார். மே 20 அன்று பிடித்த 8,000-ஐ ஜூன் 7க்குப் பதில் ஜூன் 9 அன்று கட்டினால் வட்டி எவ்வளவு? இரண்டு நாளுக்கு அல்ல. மாதத்தில் ஒரு பகுதியும் முழு மாதம் என்பதால் மேயும் ஜூனும் சேர்ந்து இரண்டு மாதம், மாதம் 1.5 சதவீதம், ஆக 240 ரூபாய். சட்டப் பிரிவு எண்களை மனப்பாடம் செய்து வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 1961 சட்டத்தின் இடத்தில் 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம், அதில் பழைய எண்கள் எல்லாம் வேறு. என்ன பணம், யாருக்கு, எந்த அடிப்படையில் என்பது தெரிந்தால் எண்ணைப் பார்த்துக்கொள்ளலாம்.

கொடுக்க வேண்டிய பாக்கிப் பட்டியல் எடுக்கும்போது அம்பத்தூர், கிண்டி எஸ்டேட்களிலுள்ள சின்னப் பட்டறைகளைத் தனியே பிரிக்கச் சொல்லுங்கள். உத்யம் என்ற அரசுப் பதிவுள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கும் சேவை தருபவருக்கும் எழுத்து மூலம் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் போக வேண்டும். மார்ச் முடிவில் இந்தக் கெடு தாண்டி நிற்கும் தொகையை அந்த ஆண்டின் செலவாக வருமான வரியில் காட்ட முடியாது. இதற்குப் பில் தேதியை விட, சரக்கை ஏற்றுக்கொண்ட தேதிதான் கணக்கு. மூன்று மாதம் இழுத்தடிப்பது சாமர்த்தியம் என்று நினைக்கும் மேனேஜர்களும் இந்தப் பட்டியலை ஒருமுறை படிக்கலாம்.

சில்லறைச் செலவு வவுச்சர்களில் ஒரே நாளில் ஒரே ஆளுக்கு 9,000, 9,000 என்று இரண்டு இறக்குக்கூலி இருந்தால் மாணவர் கேள்வி கேட்க வேண்டும். ஒருவருக்கு ஒரு நாளில் ரொக்கமாக 10,000-க்கு மேல் கொடுத்தால் அது செலவாகாது. இரண்டு வவுச்சராகப் பிரித்தாலும் கூட்டித்தான் பார்ப்பார்கள். சம்பளப் பட்டியலில் தொழில் வரி: வெளிமாநிலத் தலைமை அலுவலகம் அனுப்பும் எக்செல் மாதம் 200 என்று பிடிக்கும். இங்கே அது மாநகராட்சிக்கு அரையாண்டுக்கு ஒருமுறை, உச்சம் 1,250.

தவறான என்ட்ரியை அழிப்பது இன்னொன்று. டேலியில் ஆல்ட்-டி அடித்தால் போய்விடும் என்று மாணவர்களுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு சாஃப்ட்வேரில் யார், எப்போது, எதை மாற்றினார் என்ற பதிவு கட்டாயம். அழித்ததும் அதில் நிற்கும், ஆடிட்டர் அதை எடுத்து வைத்துக்கொண்டு கேட்பார். எதிர் என்ட்ரி போட்டு, நேரேஷனில் (என்ட்ரியின் கீழுள்ள விளக்க வரி) காரணம் எழுதுங்கள்.

அலுவலகங்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. மாணவருக்குத் தனி யூசர் ஐ.டி. கொடுங்கள், சீனியரின் பாஸ்வேர்டை அல்ல. மேலே சொன்ன திருத்தப் பதிவில் சீனியரின் பெயர்தான் விழும். பேங்க் டோக்கன், ஓ.டி.பி. வரும் போன், டைரக்டரின் டிஜிட்டல் கையெழுத்து இவை மூன்றும் இன்டர்ன் கையில் போகக் கூடாது, ‘ஒரு நிமிஷம் பிடி தம்பி’ என்று கூட. சப்ளையரின் அக்கவுன்ட் மாறிவிட்டது என்று மெயில் வந்தால், மெயிலில் உள்ள நம்பருக்கு இல்லாமல் பழைய பில்லில் உள்ள நம்பருக்குப் போன் போட்டுக் கேட்கும் வழக்கத்தை முதல் நாளே காட்டுங்கள். பேங்க் கிளையின் குறியீடான ஐ.எஃப்.எஸ்.சி.யின் 11 இடங்களில் ஐந்தாவது எப்போதும் பூஜ்யம், ‘ஓ’ எழுத்து அல்ல. ஜெராக்ஸ் எடுக்கவும் டீ வாங்கவும் மட்டுமே ஆள் வேண்டும் என்றால் இன்டர்ன் கேட்காதீர்கள்.

பத்துப் பேருக்கு டீமேட் அக்கவுன்ட் (ஷேர் வைக்கும் கணக்கு) திறக்க வைத்தால் சான்றிதழ் என்பதும், 2,000 ரூபாய் கட்டினால் வராமலே சான்றிதழ் என்பதும் இன்டர்ன்ஷிப் என்ற பெயரில் நடக்கின்றன. முன்னது சம்பளமில்லாத விற்பனை வேலை. பின்னதற்குப் பெயர் வேண்டியதில்லை. கல்லூரி இவற்றைத் தடுக்க நினைத்தால் வழி எளிது. இப்போது கேட்கும் 40 பக்க ரிப்போர்ட்டில் முதல் 25 பக்கம் கம்பெனி வரலாறும் நிர்வாக அடுக்கு வரைபடமும்; எல்லாம் வெப்சைட்டிலிருந்து எடுத்தது. அதை விட்டுவிட்டு மூன்று தாள் கேளுங்கள்: மாணவர் தானே போட்ட ஒரு பேங்க் ரிகன்சிலியேஷன், 2பி-யில் ஒட்டாத பத்துப் பில்லும் ஒவ்வொன்றுக்கும் காரணமும், தான் செய்த ஒரு தவறும் அதைத் திருத்திய என்ட்ரியும். பார்ட்டி பெயர், அக்கவுன்ட் நம்பர், பான் எல்லாவற்றையும் மறைத்து ‘சப்ளையர் 1’, ‘சப்ளையர் 2’ என்று போட வேண்டும். தொகைகளையும் ஒரே விகிதத்தில் மாற்றிவிடலாம், கணக்கு கெடாது. போனில் எடுத்த வவுச்சர் படம் ரிப்போர்ட்டில் ஒட்டியிருந்தால் கல்லூரியே திருப்பி அனுப்பட்டும்.

சி.ஏ. மாணவர்கள் ஆடிட்டரிடம் பெறும் ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சியே 2023 ஜூலை முதல் மூன்று ஆண்டிலிருந்து இரண்டாகக் குறைந்திருக்கிறது. நாலு வாரத்தில் யாரும் அக்கவுன்டன்ட் ஆகிவிட முடியாதுதான். ஆனால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) பேராசிரியர் அந்த ரிகன்சிலியேஷன் தாளை எடுத்து, ‘இந்த 12,000 செக் அப்புறம் என்ன ஆச்சு?’ என்று கேட்டால், 25ஆம் தேதி வந்து 22ஆம் தேதி போனவருக்குப் பதில் தெரிந்திருக்கும். வரும் கல்வியாண்டுக்கான கடிதங்களை அச்சடிக்கும் முன் கல்லூரிகள் அந்தத் தேதி வரியை மட்டும் மாற்றிப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
கணக்குப் பிரிவு ஊழியர்கள் சிலர்,
அம்பத்தூர், சென்னை.